டிஸ்க் காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்கிறதே?

கேள்வி: தோல் பை செய்து இணையத்தில் விற்கிறோம். கடையின் உபுண்டு சர்வர் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று சொல்லி ஆர்டரை நிறுத்திவிடுகிறது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு தீர்வு. எதை நம்புவது?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: அவரவர் சர்வருக்கு அவரவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். லினக்ஸில் இது 28-ஆம் எண் பிழை. டிஸ்க் நிரம்பினாலும், ஐநோட் (ஃபைல் பற்றிய விவரங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் பதிவு) தீர்ந்தாலும், ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபையின் வரம்பு தாண்டினாலும் இதே வாசகம்தான் வரும். ஆகவே பழைய பதிவுகளில் தீர்வைத் தேடாதீர்கள். எந்தக் காரணம் என்று பிரித்துக் காட்டும் சோதனையைத் தேடுங்கள்.

உங்களுக்கு முதல் சோதனை ‘டிஎஃப் -ஐ’ கட்டளை, சிற்றெழுத்தில். தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதன் வரியையும் பாருங்கள். 100% என்று காட்டினால் ஐநோட் தீர்ந்துவிட்டது. ஃபைல் ஒன்றுக்கு ஓர் ஐநோட் வேண்டும். உபுண்டுவின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல் அதன் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும்: வழக்கமாக 16 கேபி-க்கு ஒன்று, 40 ஜிபி-க்குச் சுமார் 26 லட்சம். பொடி ஃபைல்கள் குவிந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே இது தீர்ந்துபோகும்.

எங்கே குவிந்தது என்று ‘டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ்’ சொல்லும். 2013-க்கு முந்தைய பதில்களில் இது இருக்காது. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை வைத்து நீளமாக எழுதியிருப்பார்கள். கடைத் தளங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஎச்பி செஷன் ஃபைல்களை, அதாவது தளத்துக்கு வருபவர்களை நினைவில் வைக்க பிஎச்பி மொழி எழுதும் பொடி ஃபைல்களை. உபுண்டுவில் அவற்றைக் கூட்டித் தள்ள அரை மணிக்கொரு முறை டைமர் ஓடும். ஆனால் அது பார்ப்பது பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் குறித்துள்ள ஃபோல்டரை. உங்கள் மென்பொருள் வேறு ஃபோல்டர் வைத்துக்கொண்டால் அங்கே கூட்ட ஆளில்லை. பிஎச்பி-யின் சொந்தத் துப்புரவையும் உபுண்டு அணைத்தே வைத்திருக்கிறது.

அழிக்க ‘ஆர்எம் *’ போட்டால் ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று நின்றுவிடும். ஷெல் எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் விரிக்கப் பார்ப்பதுதான் காரணம். ஃபைண்டில் ‘-எம்மின் +1440’ கொடுத்தால் ஒரு நாளுக்கு மேற்பட்டவை மட்டும் வரும். பட்டியலைப் பார்த்த பிறகு ‘-டெலீட்’ சேருங்கள், வரியின் கடைசியில். முன்னால் போட்டால் நிபந்தனையைப் பார்க்காமலே அந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும். பேக்கப் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: பிழைச் செய்தியை அப்படியே ஒட்டித் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. கிடைத்த ஒரு லிங்க்கும் திறக்கவில்லை.
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஒட்டியதில் உங்கள் சர்வர் பெயர், நேரம், ஐபி, ஃபோல்டர் வழி எல்லாம் இருந்திருக்கும். அவற்றை நீக்கி, மாறாத வாசகத்தை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, மென்பொருளின் பெயரையும் வெர்ஷனையும் வெளியே சேருங்கள். லாகில் கடைசி வரியைவிட முதல் பிழை வரிதான் தேடத் தகுந்தது. செத்த லிங்க்கை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒட்டினால் பழைய பக்கம் பல நேரம் கிடைக்கும். பதிலின் ஆண்டைக் கவனியுங்கள்: சர்வரில் சேவைகளைத் தொடங்கி நடத்த உபுண்டு 2015-இல் சிஸ்டம்டி-க்கு மாறியது, அதற்கு முன் அந்த வேலையைச் செய்த அப்ஸ்டார்ட்டின் வழிமுறைகள் இன்று பயன்படா.

கேள்வி: பர்மிஷன் பிழைக்கு 777 போடச் சொல்கிறார்களே?
- வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: போடாதீர்கள். சர்வரில் உள்ள எந்த யூசரும் அந்த ஃபைலில் எழுதலாம் என்றாகிவிடும். ‘நேம்ஐ -எல்’ என்று அடித்து ஃபைலின் முழு வழியையும் கொடுங்கள். நடுவில் எந்த ஃபோல்டர் தடுக்கிறது என்று தெரியும். அதை மட்டும் திருத்துங்கள்.