பூல் ஆட்டத்தில் ஒரு ஷாட் எவ்வளவு கஷ்டம் என்று எப்படிக் கணிப்பது? நேர் ஷாட்டைத் தவறவிட்டது அவ்வளவு பெரிய தப்பா?

கேள்வியில் நீங்கள் விவரித்திருக்கும் நிலைமை இது: ஒன்பது அடி மேசை, எட்டாம் பந்து ஆட்டம், உங்களுக்குக் கடைசிக் கருப்பு மட்டும் பாக்கி. வெள்ளை, அதாவது கோலால் (அடிக்கும் குச்சியால்) நாம் அடிக்கும் பந்து, ஒரு மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது, கருப்பு மேசையின் நட்டநடுவில், போட வேண்டிய பாக்கெட் எதிர் மூலையில். மூன்றும் ஒரே கோட்டில். அடித்தீர்கள், கருப்பு பாக்கெட்டின் வாயில் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு வெளியே நின்றுவிட்டது. "நேர் ஷாட்டையே விட்டுட்டியேடா" என்று நண்பர்கள் சொன்னார்கள். அது உண்மையிலேயே சுலபமான ஷாட்டா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. நேர் ஷாட்டுகளில் அதைவிடக் கஷ்டமானதை அந்த மேசையில் அமைப்பதே சிரமம். உங்கள் நண்பர்கள் கோணத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள், தூரத்தைப் பார்க்கவில்லை.

நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். கேரம் ஆடிப் பழகிவிட்டு பூல் மேசைக்கு வந்தவன் நான். கேரம் போர்டு மொத்தமே 29 இன்ச் சதுரம். அதில் எந்தக் காயும் ஸ்ட்ரைக்கரிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பதில்லை, அதனால் மெல்லிசாக வெட்ட வேண்டிய காய்தான் கஷ்டம், நேராக நிற்கும் காய் சுலபம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பூல் மேசையில் அந்தக் கணக்கு உதவாது.

காரணத்தைச் சொல்கிறேன். வெள்ளை கருப்பைத் தொடும் கணத்தில் இரண்டின் மையங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு பந்தின் விட்டம், 2.25 இன்ச், கிட்டத்தட்ட 57 மில்லிமீட்டர். அந்தச் சின்னக் கோடு எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம்தான் கருப்பு ஓடும். இப்போது வெள்ளை நாலு அடி தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோலில் நீங்கள் செய்யும் கடுகளவு பிசகு, நாலு அடி வரும்போது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விலகலாகிவிடுகிறது. அந்த விலகல் 57 மி.மீ. கோட்டைத் திருப்புகிறது. திரும்பிய கோடு மறுபடி நாலு அடி நீள்கிறது. அதாவது உங்கள் பிசகு ஒரு தடவை வளர்ந்து, வளர்ந்ததே இன்னொரு தடவை வளர்கிறது.

உங்கள் ஷாட்டுக்கே எண் போட்டுப் பார்த்தேன். வெள்ளையிலிருந்து கருப்புக்கு 50 இன்ச், கருப்பிலிருந்து பாக்கெட்டுக்கு 50 இன்ச் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4.5 இன்ச், பந்து 2.25. ஆக, பந்தின் மையம் இடமோ வலமோ ஒன்றேகால் இன்ச்சுக்கும் சற்றுக் குறைவாகத்தான் விலகலாம். 50 இன்ச் தூரத்தில் அது கிட்டத்தட்ட 1.3 டிகிரி. அந்த 1.3 டிகிரிக்குள் கருப்பை அனுப்ப, வெள்ளை போய்ப் படும் இடம் சரியான புள்ளியிலிருந்து 1.3 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன்கூட இல்லை! அதுவும் 50 இன்ச் தாண்டிப் போய். பாக்கெட்டின் ஓரம் கொஞ்சம் தட்டி உள்ளே விடும்தான், ஆனால் வேகமாக அடித்தால் அந்தச் சலுகையும் போய்விடும்.

அதே கோட்டில் கருப்பு பாக்கெட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றிருந்தால்? வெள்ளை இன்னும் தொலைவாகிவிட்டது, ஆனாலும் 5 மில்லிமீட்டர் வரை தப்பலாம். ஷாட் இரண்டு மடங்குக்கும் மேல் சுலபம். கருப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாலும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் சுலபம்கூட. மொத்த தூரம் மாறாமல் இருக்கும்போது, பந்து சரிபாதியில் நிற்பதுதான் மிக மோசம். இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட அன்று, நான் வருடக்கணக்காக எதைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு ஒரேயடியாகப் புரிந்தது.

மேசையில் நின்றுகொண்டு இதையெல்லாம் கணக்குப் போட முடியாது, சரி. நான் செய்வது ஒரு சின்னப் பெருக்கல். மேசை ஓரத்து ரப்பர் குஷனுக்கு மேலே மரத்தில் பதித்திருக்கும் டைமண்ட் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது அடி மேசையில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 12.5 இன்ச். வெள்ளையிலிருந்து பந்துக்கு எத்தனை டைமண்ட், பந்திலிருந்து பாக்கெட்டுக்கு எத்தனை டைமண்ட் என்று கண்ணால் அளந்து, இரண்டையும் பெருக்குகிறேன். கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். உங்கள் ஷாட் நாலு பெருக்கல் நாலு, 16. பாக்கெட் அருகே நின்றிருந்தால் ஏழு பெருக்கல் ஒன்று, 7. என் அனுபவத்தில் 4 வரை நான் தைரியமாக அடிப்பேன். 8க்கு மேல் போனால் நிதானமாக இரண்டாவது முறை பார்ப்பேன். 12ஐத் தாண்டினால் வேறு வழி இருக்கிறதா என்று தேடுவேன். இந்த எல்லைகள் எனக்கானவை, உங்களுக்கு வேறாக இருக்கும்.

அப்புறம்தான் கோணம். இதில் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அரைப் பந்து ஷாட், அதாவது வெள்ளையின் மையத்தை அடுத்த பந்தின் விளிம்புக்குக் குறிவைக்கும் ஷாட், 30 டிகிரி வெட்டு. அதனால் கூடும் கஷ்டம் வெறும் 15 சதவீதம். 45 டிகிரியில் 1.4 மடங்கு. 60 டிகிரியில்தான் இரண்டு மடங்கு ஆகிறது. அதற்கு மேல் மளமளவென்று ஏறி, 75 டிகிரியில் ஏறத்தாழ நாலு மடங்கு. ஆக, பெருக்கல் 3 வரும் கிட்டத்து அரைப் பந்து ஷாட், உங்கள் நேர் ஷாட்டைவிடப் பல மடங்கு சுலபம். ஒன்று சொல்ல வேண்டும்: இது வடிவக் கணக்கு மட்டும். வெட்டும்போது பந்துகள் உரசிக்கொள்வதால் அடிபட்ட பந்து எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் வெள்ளை போகும் பக்கமாக இழுபடும். மெதுவாக அடிக்கும்போதும், பந்துகளில் சாக்பீஸ் தூள், அழுக்கு படிந்திருக்கும்போதும் அது அதிகம். பந்துகளைத் துடைக்காத பூல் பார்லரில் வெட்டு ஷாட் எல்லாம் தடிமனாகவே, அதாவது போதிய அளவு வெட்டாமலே, போவது இதனால்தான்.

நடுப் பாக்கெட்டுக்கு இந்தப் பெருக்கல் போதாது. நேராகப் பார்த்தால் அதன் வாய் மூலைப் பாக்கெட்டைவிடப் பெரிது, ஆனால் சாய்வாக வரும் பந்துக்கு அது சுருங்கிக்கொண்டே போகும். 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கதவு மூடிவிட்டது என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் ஷாட்டில் இன்னொரு கஷ்டமும் ஒளிந்திருந்தது. மூன்றும் நேர்கோட்டில் இருக்கும்போது, உருண்டு போகும் வெள்ளை கருப்பின் பின்னாலேயே போய் அதே பாக்கெட்டில் விழக்கூடும். கருப்போடு வெள்ளையும் விழுந்தால் ஆட்டமே போச்சு. அதைத் தடுக்க, வெள்ளை கருப்பைத் தொடும்போது முன்னுருட்டு இல்லாமல் சறுக்கிக்கொண்டு வந்து, பட்டதும் அங்கேயே நிற்க வேண்டும். 50 இன்ச் வரை அப்படிச் சறுக்க வைக்க வேண்டுமென்றால் மையத்துக்குக் கீழே, அழுத்தமாக அடிக்க வேண்டும். கீழே அடிக்கும்போது கோல் முனை இம்மி இடம் வலம் தவறினாலும் பக்கச் சுழற்சி ஏறிவிடும். அழுத்தமாக அடித்தால் பாக்கெட் குறுகிவிடும். கருப்பு வாயில் ஆடிவிட்டு வெளியே வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: நீங்கள் குறி தப்பியது மிகக் கொஞ்சம். இன்னும் மெதுவாக அடித்திருந்தால் அந்தப் பிசகுக்கும் அது உள்ளே போயிருக்கலாம். ஆனால் மெதுவாக அடிக்க அந்த ஷாட் இடம் கொடுக்கவில்லை. பத்துப் பதினைந்து டிகிரி கோணம் இருந்திருந்தால் வெள்ளை விலகிப் போயிருக்கும், நீங்களும் நிம்மதியாக உருட்டி அடித்திருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிராக, பார்த்தால் பயங்கரம், அடித்தால் சுலபம் என்ற ரகமும் உண்டு. இரண்டு பந்துகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, அவற்றின் மையக் கோடு பாக்கெட்டைக் காட்டிக்கொண்டு நின்றால், பின்பந்தை ஏறக்குறைய எங்கிருந்து தட்டினாலும் முன்பந்து பெரும்பாலும் பாக்கெட் பக்கம்தான் போகும். திசையைப் பெரும்பாலும் பந்துகளே முடிவு செய்துவிட்டன. கைதட்டல் வாங்கும் ட்ரிக் ஷாட்டுகளில் நிறைய இந்த ரகம். ஆனால் அதே இரண்டு பந்துக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி விழுந்தால் கதை தலைகீழ்: பிசகு மூன்று தடவை வளரும். அந்த ஷாட்டை நான் கூடுமானவரை தொடுவதில்லை.

எல்லாவற்றையும்விட நம்பகமான அளவு உங்கள் கையிலேயே இருக்கிறது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பார்லருக்குப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஃபைல் தாளின் துளையைச் சுற்றி ஒட்டுகிற காகித வளையம் இரண்டை வெள்ளைக்கும் கருப்புக்கும் உரிய இடத்தில் வையுங்கள். பந்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். 20 தடவை அடித்து எத்தனை விழுந்தது என்று எழுதுங்கள். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் பார்லரில் ஆடும் ஒரு வயதான அண்ணன். முதல் நாள் இதே 16 ஷாட்டில் எனக்கு விழுந்தது 6. இப்போது 12, 13 விழுகிறது, அதுவும் தினம் தினம் இல்லை.

முடிந்தால் உங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய், அவர்களுக்கும் அதே இடத்தில் 20 பந்து கொடுங்கள்.