ஷெட்லாந்து பயணம்: பேக்கேஜா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: ஜூலை கடைசியில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்குப் போக ஆசை. ஒரு நிறுவனம் கைடு, கடலோர நடை, பஃபின் கடற்பறவை, ‘ஓர்கா (கொலைத் திமிங்கிலம்) நிச்சயம்’ என்று ஒரு வாரத்துக்கு பேக்கேஜ் தருகிறது. நாங்களே தனித்தனியாக புக் செய்தால் செலவு பாதியாகக் குறையும் போலிருக்கிறது. எது நல்லது? (லெஸ்டர் வாசகி)

பதில்: முதலில் தேதியை மாற்றப் பாருங்கள். பஃபின்கள் ஏப்ரலில் கரைக்கு வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும். ஜூலை கடைசியில் இன்று இருப்பது நாளை இல்லாமல் போகலாம். ஜூன் அல்லது ஜூலை முதல் பாதி என்றால் கவலையில்லை.

‘ஓர்கா நிச்சயம்’ என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. ஓர்காக் கூட்டங்கள் சீல்களைத் தேடிக் கரையோரமாகவே வருவது உண்மை. ஆனால் எந்த நாளில் எந்த வளைகுடாவில் வரும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. தர முடியாத வாக்கை விற்கிறவர் மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொள்வார்? அந்த வரியை எழுத்தில் விளக்கச் சொல்லுங்கள். ஓர்கா வராவிட்டால் பணம் திரும்ப வருமா என்றும் கேளுங்கள். பதிலிலேயே ஆளைப் புரிந்துகொள்வீர்கள்.

பஃபினைப் பார்க்க கைடே தேவையில்லை. தெற்கு முனையில் சம்பரோ ஹெட் இருக்கிறது. 1821-இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைமுனை. அங்குள்ள கல் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றாலே போதும். அலகு நிறைய வெள்ளி மீன்களைக் கவ்விக்கொண்டு பஃபின் வந்து இறங்கும், இரண்டு பக்கமும் பார்க்கும், சட்டென்று வளைக்குள் நுழைந்துவிடும். மியூசியத்துக்குள் போனால்தான் கட்டணம்.

காசு கொடுக்க வேண்டிய இடம் மூசா தீவு. அங்கே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான வட்டக் கல்கோபுரம் ஒன்று சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. அதன் கல்லிடுக்குகளில் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சின்னஞ்சிறு கடற்பறவை கூடு வைக்கிறது. எடை 25 கிராம் அளவுதான். பகலில் கரைக்கு வந்தால் பெரிய பறவைகள் கொன்றுவிடும் என்பதால் இரவில்தான் வரும். அங்கே நடுக்கோடையில் வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில் பறவைகள் முகத்தை உரசுவதுபோலப் பறக்க, சுவருக்குள்ளிருந்து உறுமல் போன்ற ஒரு சத்தம் கேட்கும். இரவுப் படகு மே கடைசி முதல் ஜூலை நடுவரைதான்; சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் இந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெர்ரி கப்பல், தங்குமிடம், சுற்றுலா எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒரே விலைக்கு வாங்கினால், பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகளின்படி எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. நிறுவனம் திவாலானாலும் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், அபர்டீனிலிருந்து ஷெட்லாந்தின் லெர்விக் துறைமுகத்துக்குப் போகும் இரவு பெர்ரி புயலால் நின்றுபோனாலும், அதைக் காட்டி ஹோட்டல்காரரிடம் பணம் கேட்க முடியாது. கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்து, ஒரு நாளைச் சும்மா விட்டுவைக்கவும் முடிந்தால், தனித்தனியாகவே போகலாம் என்பேன். மிச்சமாகும் பணத்தில் ஒரே ஒரு நாளுக்கு உள்ளூர் கைடு ஒருவரை அமர்த்துங்கள். ஸ்காட்லாந்து வழிகாட்டிகளுக்கு ‘ப்ளூ பேட்ஜ்’ என்ற தகுதி உண்டு. படகுக்காரரிடம், உயிரினங்களைத் தொந்தரவு செய்யாமல் படகு ஓட்டுவதற்கான ‘வைஸ்’ பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: பறவை பார்க்கும் படகுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தேன். கடல் சரியில்லை என்று அவர்களே ரத்து செய்துவிட்டு வவுச்சர்தான் தருவோம் என்கிறார்கள். (எடின்பரோ வாசகர்)

பதில்: வவுச்சரை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சேவையே தராதபோது பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மின்னஞ்சலில் தேதியோடு கேளுங்கள். மறுத்தால், கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, ஒரு டிக்கெட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு தந்த வங்கியிடமே பணத்தைக் கேட்கலாம். அதற்குக் குறைவு என்றாலோ டெபிட் கார்டு என்றாலோ ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை. நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால் கதை வேறு: குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்கு டிக்கெட்டுக்கு, ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் அந்தப் பிரபலமான உரிமை கிடையாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அலை அதிகம் என்று படகை எடுக்காதவர் சரியான வேலையைத்தான் செய்தார். பணத்தைக் கேளுங்கள், அவரைத் திட்டி ரிவ்யூ போடாதீர்கள்.

கேள்வி: ஆடு மேயும் தனியார் நிலத்தின் வழியாகக் கடலோரம் நடக்க அனுமதியோ கட்டணமோ வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 2003-இல் வந்த ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடப்பவருக்குப் பெரும்பாலான நிலங்களில் வழி தருகிறது. வீட்டுத் தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் சேராது. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். குட்டி போடும் காலத்தில் நாயோடு ஆட்டு நிலத்துக்குள் போகாதீர்கள். வட கோடியில் உன்ஸ்ட் தீவின் ஹெர்மனெஸ்ஸில் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். அங்கே கூடு கட்டும் கிரேட் ஸ்குவா பறவைகள் 2022 பறவைக் காய்ச்சலில் ஏராளமாகச் செத்துப்போயின. ஒன்று உங்கள் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தால் அதன் கூட்டுக்கு அருகில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே திரும்புங்கள்.