மோட்டார் ஹோம் கட்டக் கொடுக்கும் முன்: சுவருக்குள் போகும் பொருளுக்கே முதற் காசு

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் வசிக்கிறோம். புதிய சிறிய லொறி செசி (இயந்திரமும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) ஒன்றை வாங்கி, அதன்மேல் ஆறு பேர் தங்கிப் பயணிக்கக்கூடிய மோட்டார் ஹோம் கட்டுவிக்க எண்ணியுள்ளோம். கனடாவிலுள்ள அண்ணா பாதிப் பணம் தருகிறார். அங்குள்ள வண்டி ஒன்றின் வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறார்; குளிர்சாதனப் பெட்டியையும் மைக்ரோவேவையும் பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்கிறார். பஸ் பொடி (செசியின்மேல் வரும் கூடு) கட்டும் ஒருவர் ஏசி, சோலார், தொலைக்காட்சி, வெளிக்கூரை (வண்டிக்கு வெளியே விரிக்கும் நிழற்கூரை) எல்லாம் சேர்த்து ஒரே மொத்த விலை சொல்லியுள்ளார். எந்த வசதிகளைத் தெரிவு செய்வது? விலையை எப்படிப் பேசுவது?

பதில்: அன்பின் வாசகருக்கு, அந்த ஒரே மொத்த விலைக்கு இப்போதைக்கு ஆமென்றும் சொல்ல வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம். எல்லாம் அடங்கிய தொகையை வைத்துக்கொண்டு பேரம் பேசினால், குறைக்கப்படும் பணம் எந்தப் பொருளின் தரத்திலிருந்து கழிகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத வயரிலும் சட்டத்திலும் வெப்பத்தடுப்பிலும்தான் கழியும்.

தெரிவுக்கு நான் சொல்லக்கூடிய அளவுகோல் ஒன்றுதான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிறவற்றை இப்போதே நல்லதாகப் போடுங்கள். பின்னர் ஆணி முடுக்கி மாட்டக்கூடியவற்றைத் தள்ளிவையுங்கள். வெப்பத்தடுப்பு, நுளம்பு வலையுடன் இரு பக்கமும் எதிரெதிரே திறக்கும் யன்னல்கள், கூரைக் காற்றாடிக்கான துவாரம், தண்ணீர்த் தாங்கிகள், வயரிங் ஆகியவற்றைப் பிறகு மாற்றுவதென்றால் உட்பலகையையே பெயர்க்க வேண்டும். வெளிக்கூரை, பின்பக்கக் கமரா, தொலைக்காட்சி, சோலார் தகடு ஆகியவற்றை அடுத்த வருடமும் பூட்டலாம். ஆனால் சோலாருக்கான வயரையும் கமராவுக்கான வயரையும் இப்போதே குழாய்க்குள் இழுத்துவைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு அற்பம். பஸ் பொடி கட்டிப் பழகியவர்களுக்கு நிறவிளக்கும் ஒலிபெருக்கியும் பூட்டக் கை தானாகவே போகும். அதை மட்டும் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

வசதிகளைக் கூட்டுவதற்கு முன் நிறையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 4,500 கிலோ என்றும், செசியும் ஓட்டுநர் அறையும் 2,100 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். பொடியும் தளபாடமும் 1,600 கிலோ ஆனால் மிச்சம் 800 கிலோ. அதில் ஆறு பேர் 400 கிலோ. 150 லீற்றர் தண்ணீர் அப்படியே 150 கிலோ. எஞ்சிய 250 கிலோவுக்குள் பற்றரி, எரிவாயுச் சிலிண்டர், மெத்தை, சட்டி பானை, உடுப்பு, பொங்கலுக்கு அரிசி எல்லாம் அடங்க வேண்டும். ஏசியும் வெளிக்கூரையும் ஜெனரேற்றரும் ஏறினால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் சாதாரணக் கார் அனுமதிப்பத்திரத்துக்குரிய 3,500 கிலோ எல்லைக்குள் வண்டியை அடக்குவதற்காக வாங்குவோர் ஒவ்வொரு மேலதிக வசதியின் நிறையையும் கேட்டுத்தான் தெரிவு செய்கிறார்கள். நிறை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீட்டிக் கட்டி அதன் நுனியில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றினால், பின் அச்சில் சுமை கூடுவதோடு முன் அச்சின் சுமை குறைந்து ஸ்ரேறிங்கின் பிடி தளரும். குளக்கட்டில் ஏறும் இடங்களில் வால் நிலத்தில் உரசவும் செய்யும். எனவே பின்நீட்டைக் குறைத்து, தண்ணீர்த் தாங்கியை இரு அச்சுகளுக்கும் இடையில் வைக்கச் சொல்லுங்கள்.

அண்ணாவின் வரைபடத்தை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. கனடாவில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுவதால் அங்குள்ள வண்டிகளின் வீட்டுக் கதவு வலப்பக்கத்தில் இருக்கும். அதையே இங்கு கட்டினால், ஏ9 வீதியோரம் நிறுத்தியதும் பிள்ளைகள் ஓடும் பஸ்களின் பக்கமாக இறங்க நேரிடும். கதவு இடப்பக்கம் வர வேண்டும். அதற்காக உள்ளமைப்பைத் திருப்பும்போது புகைக்குழாய், எரிபொருள் வாய், எரிவாயுப் பெட்டி ஆகியவை கதவுக்கும் யன்னலுக்கும் கிட்ட வராதபடி மீண்டும் வரைய வேண்டும். அங்கு வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கு 230 வோல்ட். ஆகவே மைக்ரோவேவை அனுப்ப வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி 12 வோல்ட் கொம்பிரசர் வகையாக இருந்தால் மட்டும் எடுக்கலாம். அதற்கும் இங்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

ஏசியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 12 வோல்ட் 200 அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரத்தைத் தேக்கும். அதேயளவு ஈய அமிலப் பற்றரி என்றால் அதன் ஆயுளைக் கருதி பாதியைத்தான் பாவிக்கலாம். சிறிய ஏசி மணிக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை இழுக்கும். கூரையில் 400 வாற் சோலார் தகடு நல்ல வெயில் நாளில் தருவது ஒன்றரை, இரண்டு யூனிட். ஆகவே சித்திரை வெக்கையில் விடியும்வரை சோலாரில் ஏசி ஓடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ மின்சாரம் எடுக்கும் இடத்தில் மட்டும் ஏசி என்று தீர்மானித்து, வெளி இணைப்புக்கு ட்ரிப் சுவிட்சும் நில இணைப்பும் கட்டாயம் போடுங்கள். மற்ற இரவுகளுக்கு வெள்ளைக் கூரை, தடித்த வெப்பத்தடுப்பு, கூரைக் காற்றாடி போதும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் எதிரெதிர் யன்னல்களே பாதி வேலையைச் செய்துவிடும்.

கழிவறைக்கு, நிரந்தரமான பெரிய கழிவுத் தாங்கியை விட, கழற்றி எடுத்துச் சென்று வீட்டு மலசலகூடத்தில் ஊற்றக்கூடிய இருபது லீற்றர் அளவான பெட்டியே நம் பகுதிக்கு ஏற்றது. ஆறு பேருக்கு அது ஒரு நாளில் நிரம்பிவிடும் என்பது உண்மை. ஆனால் மடு, வற்றாப்பளை போன்ற யாத்திரைத் தலங்களில் பொதுக் கழிவறைகள் இருப்பதால் இரவுத் தேவைக்கு இது போதும்.

இனி விலை. செசியை நீங்களே நேரடியாக வாங்கி, பொடிக்குத் தனி ஒப்பந்தம் செய்யுங்கள். செசி விலையில் இறக்குமதி வரிகளும் கணிசமாக அடங்குவதால் விற்பனையாளரிடம் பணமாகக் குறைப்பு அதிகம் கிடைக்காது. அவரிடம் பதிவுச் செலவு, முதல் சேவிஸ்கள், அடிப்பக்கத் துருத்தடுப்பு ஆகியவற்றைக் கேட்பதே பயன் தரும். பேரத்துக்கு இடம் பொடியில்தான் இருக்கிறது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தெற்கிலும் ஒவ்வொருவரிடம் ஒரே வரைபடத்துக்கு ஒரே பொருட்பட்டியலோடு எழுத்தில் விலை கேளுங்கள். 18 வீத வற் வரி அதில் அடங்குமா என்பதும் எழுதப்பட வேண்டும். இப்போது மொத்த விலை சொன்னவரிடம், ஒவ்வொரு பொருளையும் நீக்கினால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று வரிவரியாகக் கேளுங்கள். சேர்க்கும்போது இரண்டு லட்சம் என்ற பொருளை நீக்கும்போது எண்பதாயிரம் என்று சொன்னால் அவர் கணக்கின் போக்கு உங்களுக்கு விளங்கிவிடும். கையெழுத்திட்ட பிறகு எதையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் நடுவில் வரும் மாற்றத்துக்குப் போட்டி விலை கிடையாது. வெளிநாட்டு அண்ணாவின் கதையைப் பட்டறையில் சொல்லவே வேண்டாம். அந்தச் செய்தி மட்டுமே விலையை ஏற்றப் போதும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் உள்ளன. முதலாவது, இந்த வண்டி எந்த வகையில் பதியப்படும், எவ்வாறான அனுமதி தேவை என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வரைபடத்தோடு கேட்டு எழுத்தில் பெறுங்கள்; வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் காப்புறுதியும் அதற்கேற்ப மாறும். இரண்டாவது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது என்பதை மறக்காமல், செசியோ முக்கிய பொருட்களோ குறித்த திகதிக்குள் வராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிவிடுங்கள்: ஒப்பந்தத்தின்போது ஒரு பகுதி, இரும்புச் சட்டம் எழுந்ததும் ஒரு பகுதி, வயரிங்கும் குழாய்களும் முடிந்து உட்பலகை அடிப்பதற்கு முன் ஒரு பகுதி. அந்த மூன்றாம் கட்டத்தில் ஓர் இலெக்ரீசியனோடு நேரில் போய்ப் பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து வீதத்தை, நெல் ஆலை ஒன்றின் எடைமேடையில் வண்டியை நிறுத்துப் பார்த்து, அதன் நிறை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட எல்லைக்குள் இருப்பது உறுதியாகி, பவுசர் குழாயால் கூரையிலும் யன்னல் ஓரங்களிலும் தண்ணீர் அடித்து ஒழுக்கில்லை என்று கண்ட பின்னரே கொடுங்கள். ஒப்படைக்கும் திகதியைப் புரட்டாதிக்கு முன் வையுங்கள். அப்போதுதான் வாடை மழை தொடங்கும்போது வரும் ஒழுக்குகள் உத்தரவாத காலத்துக்குள் அடங்கும். இந்தப் பத்து வீதத்துக்குப் பட்டறைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவரை விட்டுவிட்டு அடுத்தவரின் விலைப்பத்திரத்தை எடுங்கள்.