தடுக்கிய இடம் வேறு, விழுந்த இடம் வேறு: ஜிடிபி (நிரல்களில் பிழை தேட உதவும் டீபக்கர்) கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் என் ஜிடிகே 3 (ஜன்னல், மெனு உருவாக்கும் லைப்ரரி) நிரல் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. ஜிடிபியில் பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுத்தால் வரிக்கு வரி இரண்டு கேள்விக்குறிதான்.

பதில்: சிம்பல்கள் (ஃபங்ஷன், கோப்புப் பெயர் விவரங்கள்) இல்லை. ‘-ஜி -ஓ0’ சேர்த்து கம்பைல் செய்யுங்கள். கேள்விக்குறிகள் லைப்ரரிக்குள் என்றால், டெபியனில் ‘டிபிஜிசிம்’ என்று முடியும் பொதிகளை நிறுவுங்கள். பிறகு ‘பிடி ஃபுல்’ கொடுத்து, மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் உங்கள் கோப்பின் பெயர் முதலில் தென்படும் ஃபிரேம்தான் (அந்தப் பட்டியலின் ஒரு படி) தேடலின் தொடக்கம்.

கேள்வி: அண்ணா, எனக்கு ‘பேட்விண்டோ’ என்று எக்ஸ் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் சர்வர்) பிழை வருகிறது. பேக்டிரேஸில் மெயின் லூப் (நிகழ்வுகளுக்காகக் காத்துச் சுற்றும் பகுதி) மட்டும்தான். என் ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லையே?

பதில்: எக்ஸ் லைப்ரரி கோரிக்கைகளைச் சேர்த்துவைத்துத்தான் சர்வருக்கு அனுப்பும், பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருக்காது தம்பி. பிழை திரும்பி வருவதற்குள் தவறு செய்த ஃபங்ஷன் வேலையை முடித்துப் போயிருக்கும். அந்தப் பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘சிங்க்ரனைஸ்’ என்று முடியும் சூழல் மாறியின் பெயரும், பிரேக்பாயின்ட் (ஜிடிபி நிரலை நிறுத்தும் இடம்) வைக்கவேண்டிய ஃபங்ஷனின் பெயரும் அதிலேயே இருக்கும். அந்த மாறியோடு ஓட்டினால் நிரல் மெதுவாகும், ஆனால் பேக்டிரேஸ் உண்மை பேசும்.

கேள்வி: மெனு விரிந்திருக்கும்போது பிரேக்பாயின்ட்டில் நின்றால் திரையே உறைந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்தித்தான் மீள்கிறேன்.

பதில்: அது வேண்டவே வேண்டாம், சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். மெனு விரிந்ததும் நிரல் மவுஸையும் கீபோர்டையும் தன்வசம் பிடித்துக்கொள்கிறது. ஜிடிபி நிரலை நிறுத்திவைத்திருப்பதால் அந்தப் பிடியை விட ஆளில்லை. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி வேறு கன்சோலுக்குப் போய் நிரலைக் கொல்லுங்கள். அடுத்த முறை இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, ‘-பி’யோடு பிராசஸ் எண்ணைக் கொடுத்து ஜிடிபியை இணையுங்கள். உபுன்டுவில் இதற்கு சூடோ (நிர்வாகி உரிமை) தேவைப்படும்.

கேள்வி: வாடிக்கையாளர் கணினியில் மட்டும் கிராஷ் ஆகிறதே?

பதில்: சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) கோர் கோப்பை, அதாவது கிராஷ் ஆன நேரத்து நினைவகப் பதிவை, சேமித்திருந்தால் ‘கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி’ போதும்.

கேள்வி: அமைப்புகள் ஜன்னலை மூடிய சில நொடிகளில் கிராஷ். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்!

பதில்: இடம் மாறுகிறது என்றால், விடுவித்த நினைவகத்தை யாரோ இன்னும் தொடுகிறார்கள் என்றே முதலில் சந்தேகப்படுவேன். அந்த ஜன்னலுக்கு டைமர் வைத்திருக்கிறீர்களா? ஜன்னலை மூடினாலும் டைமர் தானாக நிற்காது. செத்துப்போன விட்ஜெட்டின் முகவரியோடு கால்பேக்கை (நேரம் வந்தால் ஓடும் உங்கள் ஃபங்ஷனை) கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஜிடிபியைவிட ‘அட்ரஸ் சானிடைசர்’ (நினைவகப் பிழைகளைக் காட்டும் கம்பைலர் வசதி) நல்ல துணை. நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே மறுபடி தொடப்பட்டது என்று மூன்று பேக்டிரேஸையும் தரும். ‘டெஸ்ட்ராய்’ சிக்னலில் டைமரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.