செல்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எப்படிக் கடத்துகின்றன? ஒருமுறை கடத்தினால் போதாதா?

போதாது. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு ரத்த சாம்பிள்.

கடலூர் முதுநகரில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. பண்ருட்டிப் பக்கம் சாயங்காலம் எடுத்த ரத்தத்தை, சீரத்தை, அதாவது செல்கள் நீங்கிய தெளிந்த திரவத்தை, பிரிக்காமல் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் அனுப்பியிருந்தார்கள். சுழற்றி மிஷினில் போட்டேன். பொட்டாசியம் 7.1. வழக்கமாக 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. 7 என்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பதறிப்போய் சீனியர் அக்காவிடம் ஓடினேன். அவர் ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது, துளிச் சிவப்பு இல்லை. "செல் உடையலைப்பா. குளிர்ல பம்ப் ஓடல. புதுசா ரத்தம் எடுக்கச் சொல்லு" என்றார். புது சாம்பிளில் 4.3.

அக்கா சொன்னது சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் உள்ள அயனி அதற்குள் புக முடியாது. போக்குவரத்து எல்லாம் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாகத்தான். பம்ப்பும் ஒரு புரதமே. அதன் வாய் முதலில் உட்பக்கம் திறந்திருக்கும். 3 சோடியம் வந்து உட்காரும். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறி, வாய் வெளிப்பக்கம் திறக்கும். சோடியத்தின் மேலிருந்த பிடி தளர்ந்து மூன்றும் வெளியே போகும். அங்கிருந்து 2 பொட்டாசியம் ஏறும். பாஸ்பேட் கழன்றதும் வாய் மறுபடி உட்பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏடிபி செலவு.

ஒரு லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140, வெளியே 4 தான். சோடியம் நேர்மாறு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால், சவ்விலுள்ள கால்வாய்ப் புரதங்கள் வழியே பொட்டாசியம் கசிந்துகொண்டேதான் இருக்கும். கசியும் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி, பம்ப் ஓயாமல் ஓடியாக வேண்டும். ஃபிரிட்ஜ் குளிரில் பம்ப் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, கசிவு நிற்பதில்லை. சிவப்பணுக்கள் உடையாமலே சீரத்தில் பொட்டாசியம் ஏறியது அதனால்தான்.

நரம்பில் செய்தி ஓடுவதும் இந்த பம்ப்பால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். சரியில்லை. அந்த நொடியில் திறப்பவை கால்வாய்கள். முதலில் சோடியம் உள்ளே பாயும், அப்புறம் பொட்டாசியம் வெளியே. பம்ப் அதற்கான இருப்பைக் காத்து வைக்கிறது.

இந்த பம்ப்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. 1957-இல் வெளியிட்ட அந்த ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது நண்டுக்கால் நரம்பு. 1997-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துறைமுகத்தில் கூடைகூடையாக நண்டு வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

நிஜமாகவே பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு டாக்டர்கள் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றுவதும் இதே பம்ப்பை நம்பித்தான். இன்சுலின் அதை முடுக்கிவிட, ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் போகும்.

உங்கள் ரிப்போர்ட்டில் திடீரென்று பொட்டாசியம் கூடியிருந்தால், அலட்சியம் செய்யாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எப்போது சீரம் பிரித்தார்கள் என்று லேபிலும் கேளுங்கள்.