சீதனக் காணியை விற்கக் கணவரின் கையெழுத்து எதற்கு?

கேள்வி: அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணி, உறுதியும் (காணிப் பத்திரமும்) என் பெயரில்தான். ஆனால் கணவரின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்கிறார் உறுதி எழுதும் நொத்தாரிசு. உண்மையா?

உண்மைதான் தங்கச்சி. காரணம் தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாண வழக்கம் அது. அந்த வழக்கத்துக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் தனிச்சொத்தான காணியையோ வீட்டையோ விற்க, ஈடுவைக்க, நன்கொடையாக எழுத கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகை, காசுக்கு வேண்டாம். மரண சாசனம் எழுதவும் வேண்டாம். செத்த பிறகு கொடுக்கலாம், உயிரோடு இருக்கையில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்! அவரோ தன் முதுசக் (பரம்பரையாக வந்த) காணியை விற்க உங்களிடம் கேட்கத் தேவையில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அவர் வீம்புக்கு மறுத்தால் வழி இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். காரணமின்றி மறுத்தாலும், உங்களைக் கைவிட்டுப் போயிருந்தாலும், இருக்கும் இடமே தெரியாவிட்டாலும் அவர் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். கணவர் காணாமல் போன பெண்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு இந்த வழி தெரியாது. கணவர் வெளிநாட்டில் இருந்து, சம்மதமும் தருகிறார் என்றால் வழக்கே வேண்டாம், அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால் காணும்.

இன்னொன்று: காணியில் சகோதரருக்கும் பங்கு இருந்தால் முதலில் அவர்களுக்கு அறிவித்தல் கொடுங்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை, உண்டு.