கடிகாரத்துக்கு ஒரு செல், பொம்மைக்கு வேறு செல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏஏ, ஏஏஏ எனப்படும் பென்சில் செல்களைப் பற்றியவை. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் என் மேசைக்கு, பத்து ரூபாய்ச் செல் கசிந்ததால் கெட்டுப்போன இரண்டாயிரம் ரூபாய்க் கருவிகள் அடிக்கடி வருகின்றன என்பதால், இக்கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: கடையில் 12 ரூபாய்க்கும் செல் கிடைக்கிறது, 40 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் 1.5 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கிறது. எதை வாங்குவது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அளவும் வோல்ட்டும் ஒன்றுதான், ஆனால் உள்ளிருக்கும் சரக்கு வேறு. விலை குறைந்தது துத்தநாகக் கார்பன் செல். விலை கூடியது ஆல்கலைன் செல். உறையில் உள்ள சிறிய எழுத்துகளைப் பாருங்கள்: ஏஏ அளவில் கார்பன் செல்லுக்கு 'ஆர்6' என்றும், ஆல்கலைனுக்கு 'எல்ஆர்6' என்றும் குறியிட்டிருப்பார்கள். 'ஹெவி ட்யூட்டி' என்று பெரிதாக எழுதியிருந்தாலும் முன்னால் 'எல்' இல்லையென்றால் அது கார்பன் செல்தான்.

எதை வாங்குவது என்பதைக் கருவிதான் முடிவு செய்கிறது. சுவர்க் கடிகாரம் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதற்குக் கார்பன் செல்லே போதும். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினிலோ காற்றடிக்கும் சிறு மோட்டார் இருக்கிறது. அது ஓடத் தொடங்கியதும் கார்பன் செல்லின் வோல்ட் சட்டென்று இறங்கிவிடும். கைப்பட்டை பாதி உப்பிய நிலையில் மோட்டாரின் சத்தம் கனத்து, திரையில் பேட்டரிக் குறி மின்னி, கருவி அணைந்துவிடும். அந்தச் செல்லையே கழற்றிக் கடிகாரத்தில் போட்டால் பல மாதங்கள் ஓடும். செல் தீர்ந்துபோகவில்லை, அந்த வேலைக்கு அதற்கு வலு போதவில்லை, அவ்வளவுதான். ஆகவே மோட்டார் உள்ள கருவிகளுக்கு ஆல்கலைன் வாங்குங்கள். பிறகு அந்தச் செல்களை ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் மாற்றி, மிச்சத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரனின் பொம்மைக் காருக்கு மாதம் நான்கு செல் ஆகிறது. ரீசார்ஜ் செய்யும் செல் உண்மையில் லாபமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் வீட்டில் நிச்சயம் லாபம், அம்மா. நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களும் ஒரு நல்ல சார்ஜரும் 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு ஆல்கலைன் செல்களுக்கு 160 ரூபாய் ஆகிறதென்றால், ஒன்பதாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்; ஒரு ஏஏ செல்லை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 5 வாட்-மணி போதும் என்பதால், ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) மின்சாரத்தில் 200 முறை சார்ஜ் செய்யலாம். மறுபக்கம், 40 ரூபாய் ஆல்கலைன் செல்லில் இருப்பது ஏறத்தாழ 3 வாட்-மணி. அந்த விலைக்கு ஒரு யூனிட் மின்சாரத்தைச் செல்களாக வாங்கினால் 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும்!

ஆனால் ஆண்டுக்கு ஒரு செல் தின்னும் கடிகாரத்துக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து, நிறைந்ததும் தானாக நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தானாக நிற்காத மலிவு சார்ஜரில் இரவு முழுவதும் விட்டுவைப்பதுதான் இந்தச் செல்களின் ஆயுளைக் குடிக்கிறது.

கேள்வி: ரிமோட்டுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆல்கலைன் செல் தீரும்போது உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் வாயு, அடிப்பக்கத்து அடைப்பை நெருக்கித் திறந்துவிட, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் வெளியேறுகிறது; அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உறைவதே நீங்கள் பார்க்கும் வெண்பூப்பு. கையுறை அணிந்து செல்லை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தோய்த்து அந்த இடத்தைத் தொடுங்கள். நுரைத்து அடங்கும். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஸ்பிரிங் பளபளக்கும்வரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நானும் இதைப் பட்டே கற்றேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் நின்ற இரவில் பரணிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தபோது, மூன்று கட்டை பேட்டரிகளும் கசிந்து குழாயோடு இறுகிப்போயிருந்தன. பின்மூடியைத் திருகவே முடியவில்லை. அன்றிலிருந்து, எப்போதாவது எடுக்கும் கருவிகளிலிருந்து செல்களைக் கழற்றி, அதே கருவியோடு ஒரு பையில் போட்டு வைக்கிறேன். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடுவதையும் விட்டுவிடுங்கள். முதலில் தீரும் செல்லின் வழியே மற்றவை தொடர்ந்து மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அது விரைவில் கசியும்.

கேள்வி: தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் மீண்டும் வேலை செய்கிறதே, எப்படி? (வாசகர், சிவகாசி)

பதில்: நம் வீடுகளில் ரேடியோ காலத்திலிருந்து இருக்கும் பழக்கம் இது, முற்றிலும் பொய்யல்ல. கார்பன் செல்லில் வேதிவினையின் கழிவு சுற்றிலும் தேங்கி வழியை அடைக்கிறது. ஓய்வும் சூடும் கிடைத்தால் அது சற்றே பரவி விலக, எஞ்சிய சக்தி கொஞ்சம் வெளிவருகிறது. ஆனால் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மேலும் கார்பன் செல்லின் துத்தநாகக் குவளையே அதன் எரிபொருள் என்பதால், தீரத்தீர அதன் சுவர் மெலிந்துகொண்டே போகும். அந்த நிலையில் வெயிலில் வைத்து மீண்டும் கருவிக்குள் போடுவது கசிவை நாமே அழைப்பதாகும்.

கேள்வி: புதிய செல்களை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தேவையில்லை, ஈரம் படிந்து முனைகள் துருப்பிடிக்கும். நிழலான, உலர்ந்த அலமாரி போதும்.

கேள்வி: எடை மெஷினில் இருக்கும் பட்டன் செல் குழந்தைகளுக்கு ஆபத்தா? (வாசகர், சேலம்)

பதில்: மிகவும் ஆபத்து; தயவுசெய்து இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். 'சிஆர்2032' என்னும் 3 வோல்ட் செல் 20 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். கருவியை ஓட்ட முடியாத பழைய செல்லுக்கும் இந்த வலு உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். எக்ஸ்ரேயில் நாணயம் போலத் தோன்றும் என்பதால் பட்டன் செல்லாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். திருகாணி போட்டு மூடும் பேட்டரிக் கதவுள்ள கருவிகளையே வாங்குங்கள்.

கேள்வி: தீர்ந்த செல்களைக் குப்பையில் போடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. 2022 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இச்சிறு செல்களுக்கும் பொருந்தும். அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. எனவே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் மொத்தமாகக் கொடுங்கள். டப்பாவில் போடும் முன் பட்டன் செல்களின் இருபுறமும், 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகள் மீதும் டேப் ஒட்டிவிடுங்கள். அவை ஒன்றோடொன்று உரசினால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.